அண்ணனுக்கு கிரேடு ஒன்று, எனக்கு இரண்டு

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த வயிற்று ஸ்கேன் எடுத்தேன். கல் இல்லை. பித்தப்பை, சிறுநீரகம், மண்ணீரல், கணையம் எல்லாவற்றுக்கும் நேராக இயல்பு என்று போட்டிருந்தது. கல்லீரலுக்கு நேராக மட்டும் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று ஒரு வரி. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த மருத்துவர் அந்த வரிக்கு அடியில் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு, "இது இப்ப எல்லாருக்கும் இருக்கிறதுதாம்மா. எடையைக் குறைங்க, சரியாயிடும்" என்றார். அதற்குள் அடுத்த ஆள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்.

அப்போது எனக்கு வயது 48. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் இருப்பது என்றால் எதற்கு எழுதினார்கள்? கிரேடு 2 என்றால் எத்தனையில் இரண்டு? இதற்கு மேல் ஏதாவது பரிசோதனை பார்க்க வேண்டுமா, இல்லை அவர் சொன்னபடி எடையைக் குறைத்தால் போதுமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் தேவையில்லாத பரிசோதனையை மூன்று தடவை செய்துகொண்டேன். தேவையானதை ஒரு தடவைகூடச் செய்யவில்லை. இன்றைக்கும் யாராவது அதே வரியோடு அதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மருத்துவர் சொன்னது பொய் இல்லை. உலகம் முழுக்க வயதுவந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. கல்லீரல் செல்களில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கொழுப்பு ஏறிவிட்டால் அதற்குப் பெயர் ஃபேட்டி லிவர். இவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை கல்லீரலால் எந்தத் தொந்தரவும் வராது. சொல்லப்போனால் இவர்களுடைய உயிருக்கு முதல் ஆபத்து இதயத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தப் பெருங்கூட்டத்துக்குள் ஒரு சிறு பகுதியினருக்குக் கொழுப்போடு அழற்சியும் சேர்ந்துகொள்கிறது. அழற்சி ஆறுகிற இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு மேல் தழும்பாக வருடக்கணக்கில் ஏறி, ஒரு நாள் கல்லீரல் முழுக்க இறுகி முடிச்சு முடிச்சாகிவிடுகிறது. அதுதான் சிரோசிஸ். வழியில் எங்கும் வலி இருக்காது. தழும்பு வளர்வதைக் காட்டிக்கொடுக்கிற குணம் கல்லீரலுக்கு இல்லை.

அப்படியென்றால் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்: எனக்குத் தழும்பு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு? நான் ஒன்றரை வருடம் கொழுப்பு எவ்வளவு என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த கிரேடு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சாதாரண வயிற்று ஸ்கேனில் கொழுப்பேறிய கல்லீரல் பக்கத்திலிருக்கும் சிறுநீரகத்தைவிட வெளிச்சமாகத் தெரியும். கொஞ்சம் வெளிச்சம் என்றால் கிரேடு 1. உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களின் ஓரங்கள் மங்கிப்போனால் கிரேடு 2. கல்லீரலின் பின்பகுதியும் உதரவிதானமும் கண்ணுக்கே படாமல் போனால் கிரேடு 3. அவ்வளவுதான் கணக்கு. பார்ப்பவர் கண்ணையும் இயந்திரத்தின் அமைப்பையும் பொறுத்து அது ஒரு படி ஏறும், இறங்கும். கொழுப்பு இருபது முப்பது சதவீதத்தைத் தாண்டாவிட்டால் பல நேரம் அந்த ஸ்கேனுக்குத் தெரியவே தெரியாது. தழும்பைப் பற்றியோ, அது முற்றி சிரோசிஸ் ஆகும்வரை, அந்த ஸ்கேனால் நம்பும்படி ஒன்றும் சொல்ல முடியாது.

இது தெரியாமல் நான் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் கிரேடு 1 என்று வந்தது. அன்று வீட்டில் எல்லோருக்கும் போன் பண்ணிச் சொன்னேன். அடுத்ததில் மறுபடியும் 2. ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாவதிலும் 2. அந்த மூன்று தடவையும் என் எடை ஒரு கிலோகூட மாறவில்லை. மாறியது ஸ்கேன் பார்த்தவர் மட்டும்தான். சந்தோஷப்பட்டதும் வீண், தூக்கம் கெட்டதும் வீண் என்று இப்போது புரிகிறது. மேற்கொண்டு பரிசோதனை வேண்டுமா என்று குழம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அதே ஸ்கேனைத் திரும்பத் திரும்ப எடுப்பது மேற்கொண்டு பரிசோதனை ஆகாது.

நாற்பத்தொன்பதாவது வயதில், வேறு ஒரு காரணத்துக்காக ஒரு இரைப்பை குடல் மருத்துவரைப் பார்க்கப் போனேன். அவர் ஸ்கேன்களை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, "ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஏதாவது கையில இருக்கா?" என்று கேட்டார். வழக்கமான ஒரு முழு உடல் பரிசோதனையின் தாள்கள் பைக்குள் இருந்தன. மேஜையில் கிடந்த ஒரு பழைய உறையைத் திருப்பிப் போட்டு, என் கண் முன்னாலேயே நான்கு எண்களை எழுதினார். வயது 49. கல்லீரல் நொதிகள் இரண்டு: எஸ்ஜிஓடி 46, எஸ்ஜிபிடி 64. பிளேட்லெட், அதாவது ரத்தத் தட்டணுக்கள், 1,90,000, அதை 190 என்று எடுத்துக்கொண்டார்.

வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்கு: 2254. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம்: 8. அதை பிளேட்லெட்டால் பெருக்கு: 1520. முதலாவதை இரண்டாவதால் வகு: 1.48.

"இதுக்குப் பேரு ஃபிப்-4. 1.3-க்குக் கீழ இருந்தா பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. 2.67-க்கு மேல போனா நிறைய வாய்ப்பு இருக்கு. நீங்க நடுவுல நிக்கிறீங்க" என்றார்.

என்னிடம் ஒரு வருடமாகக் கிடந்த தாள் அது. புதிதாக ஒரு துளி ரத்தம் எடுக்கவில்லை. பள்ளியில் படித்த வர்க்கமூலம் தெரிந்தால் போதும். இந்தக் கணக்கை 2006-ல் உருவாக்கியவர்கள் எச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சி-யும் சேர்ந்து இருந்தவர்களுக்காக உருவாக்கினார்கள். பிறகு ஃபேட்டி லிவருக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது என்று தெரிந்தது. இன்று உலக அளவில் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் முதல் படியாகச் சொல்வது இதைத்தான்.

அதில் பிளேட்லெட் எதற்கு வருகிறது என்று கேட்டேன். கல்லீரல் இறுக இறுக, குடலிலிருந்து அதற்குள் போக வேண்டிய ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் எண்ணிக்கை இறங்கும். கல்லீரல் அந்தத் தட்டணுக்களை உண்டாக்கத் தூண்டும் பொருளையும் குறைவாகச் சுரக்கும். கல்லீரல் நோயின் சாயல் பிளேட்லெட் வரியில் விழும் என்பது எனக்குப் புதுச் செய்தி. ரிப்போர்ட்டில் கல்லீரல் பகுதியை மட்டும் வரிவரியாகப் படித்துவிட்டு, ரத்த அணுக்கள் பக்கத்தைத் திருப்பிப்போட்டுவிடுகிறவள் நான்.

இந்தக் கணக்குக்கு வரம்புகள் உண்டு. அதையும் அவரே சொன்னார். 35 வயதுக்குக் கீழே இதை நம்ப முடியாது. 65-ஐத் தாண்டியவர்களுக்கு வயதே எண்ணை ஏற்றிவிடுவதால், 1.3-க்குப் பதில் 2 என்று எல்லையை வைத்துக்கொள்ள வேண்டும். முந்தின நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தால் தசையிலிருந்தே எஸ்ஜிஓடி ஏறும். காய்ச்சல் நேரத்தில் பிளேட்லெட் இறங்கும். அந்த மாதிரி நாளில் எடுத்த ரத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு அலறக் கூடாது. அப்புறம் ஒன்று: இந்தக் கணக்கு 'உனக்கு இல்லை' என்று சொல்லும்போது கெட்டிக்காரன். 'உனக்கு இருக்கிறது' என்று சொல்லும்போது அவ்வளவு நம்பகம் கிடையாது. அதனால்தான் நடுவில் நிற்பவர்களையும் மேலே போனவர்களையும் அடுத்த படிக்கு அனுப்புகிறார்கள்.

அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன். 2003-ல் பிரான்சில் ஒரு நிறுவனம் கொண்டுவந்த கருவி அது. மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு மேல் மடித்து வைக்கச் சொன்னார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே குளிர்ச்சியாகப் பசையைத் தடவி, பேனா மாதிரி ஒரு முனையை அழுத்தி வைத்தார்கள். 'டப்' என்று ஒரு தட்டு. யாரோ விரலால் சுண்டிவிட்ட மாதிரி. வலியே இல்லை. அந்தத் தட்டு உள்ளே ஒரு சிறு அலையை அனுப்புகிறது. அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கருவி அளக்கிறது. மிருதுவான கல்லீரலில் அலை மெதுவாகப் போகும். இறுகியதில் விரைந்து ஓடும். பத்துத் தடவை தட்டி நடு எண்ணை எடுக்கிறார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு தட்டுக்கும் திரையைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

6.1 கிலோபாஸ்கல். கல்லீரலின் இறுக்கத்துக்கான அளவு அது. எட்டுக்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இல்லை என்று கிட்டத்தட்ட நிம்மதியாக இருக்கலாம். எட்டிலிருந்து பன்னிரண்டு நடுப்பகுதி. பன்னிரண்டைத் தாண்டினால் கவலைப்பட வேண்டிய இடம். கொழுப்பு மட்டும் நிறையத்தான் இருந்தது. அந்தக் கருவி அதற்கும் தனியாக ஒரு எண் தருகிறது. மருத்துவர், "கொழுப்பு இருக்கு, தழும்பு இல்ல. எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூணையும் பாருங்க. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு மறுபடி அந்தக் கணக்கைப் போட்டுப் பாப்போம்" என்று அனுப்பிவிட்டார். ஒன்றரை வருடம் நெஞ்சில் கிடந்த பாரம் அன்று மாலையோடு இறங்கியது.

இதோடு என் கதை முடிந்தது. ஆனால் இதை எழுத வைத்தது என் கதை இல்லை, அண்ணனுடையது.

அண்ணனுக்கு 56 வயது. பதினொரு வருடமாகச் சர்க்கரை. குடிப் பழக்கம் இல்லை. பார்த்தால் குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். அவருக்கும் ஏதோ ஒரு பரிசோதனையில் ஃபேட்டி லிவர் என்று சொல்லியிருந்தார்கள். நான் ஃபைப்ரோஸ்கேன் முடித்த கையோடு அவருக்குப் போன் பண்ணி, "அண்ணா, உன்னோட ரத்த ரிப்போர்ட்டை எடுத்து வை, நாளைக்கு வர்றேன்" என்றேன்.

"எனக்கு கிரேடு ஒண்ணுதான்மா. உனக்குத்தான் ரெண்டு. நீ உன் உடம்பைப் பாரு. என் லிவர் ரிப்போர்ட் எல்லாம் நார்மல்."

நார்மல்தான். எஸ்ஜிஓடி 34, எஸ்ஜிபிடி 25. இரண்டுமே பரிசோதனைக்கூடம் போட்டிருந்த வரம்புக்குள். தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ இல்லை. அடுத்த பக்கத்தில் பிளேட்லெட்டுக்கு நேராக மட்டும் கீழ்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி: 1,45,000. "அது எப்பவோ காய்ச்சல் வந்ததுல குறைஞ்சது" என்றார் அண்ணன். முந்தின வருட ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். 1,52,000. அதற்கு முந்தின வருடம் 1,66,000. மூன்று வருடமாக யாருக்கும் காய்ச்சல் நீடிக்காது.

56-ஐ 34-ஆல் பெருக்கினால் 1904. 25-இன் வர்க்கமூலம் 5. 145-ஆல் பெருக்கினால் 725. வகுத்தால் 2.63. அபாய எல்லைக்கு நூலிழை கீழே. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அண்ணன் அந்தத் தாளை வாங்கி அவரும் ஒரு தடவை போட்டார். பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

எஸ்ஜிபிடி இயல்பாக இருந்தால் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அந்த நொதி, செல்கள் உடையும்போது ரத்தத்துக்குள் கசிகிறது. தழும்பு என்பது ஏற்கெனவே உடைந்து ஆறிப்போன இடம். அங்கிருந்து கசிய ஒன்றும் இருக்காது. நோய் முற்ற முற்ற எஸ்ஜிபிடி இறங்கி இயல்புக்குள் வந்து உட்காருவதும், எஸ்ஜிஓடி அதைத் தாண்டி மேலே போவதும் உண்டு. அண்ணனுடைய ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைத் தாண்டியிருந்ததை அந்த மருத்துவர்தான் பிறகு சுட்டிக் காட்டினார். இரண்டுமே நார்மல் என்று நாங்கள் எல்லோரும் கண்ணால் தாண்டிப்போன எண்கள்.

மேற்கொண்டு பரிசோதனை வேண்டுமா என்ற கேள்விக்கு என் கட்சி இதனால்தான் இப்படி: சர்க்கரை இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. கிரேடு என்னவாக இருந்தாலும், நொதிகள் எப்படி இருந்தாலும், அவர்கள் ஃபிப்-4 போட்டே ஆக வேண்டும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்துத் திரும்பவும் போட வேண்டும். சர்க்கரை இல்லாவிட்டாலும் உடல்பருமன், ரத்த அழுத்தம், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகம், இதில் இரண்டு சேர்ந்தாற்போல் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். இது எதுவும் இல்லாமல் எண் 1.3-க்குக் கீழே இருப்பவர் ஃபைப்ரோஸ்கேனுக்கு ஓட வேண்டாம். அந்தப் பணத்தையும் பயத்தையும் மிச்சம் பிடித்து, அந்த நேரத்தில் நடக்கப் போகலாம். ஒவ்வொருவரையும் எல்லாப் பரிசோதனைக்கும் அனுப்பினால், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும் எண்களும் கூடவே வரும். அதன் பின்னால் அலைச்சல் வரும். அந்தக் கெடுதலும் உண்மையானது.

அண்ணனிடம் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "தழும்பு இருந்தாலும் எடையைக் குறைன்னுதான் சொல்லப்போறாங்க. இல்லைன்னாலும் அதையேதான் சொல்லப்போறாங்க. அப்புறம் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?"

பல பேர் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது பயத்தால் மட்டும் இல்லை, இந்த நியாயத்தாலும்தான். பல வருடங்களுக்கு இந்த நியாயம் செல்லுபடியும் ஆனது. இப்போது ஆகாது. 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இந்த நோய்க்கென்றே அங்கே ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுதான். 2025 ஆகஸ்டில், சர்க்கரைக்கும் எடைக்கும் கொடுக்கிற செமாகுளூட்டைடுக்கும் இதே நோய்க்கு அங்கே ஒப்புதல் வந்தது. இரண்டுமே தழும்பு நடுத்தரம் முதல் முற்றிய நிலைவரை இருப்பவர்களுக்கு, சிரோசிஸ் ஆவதற்கு முன்னால் கொடுக்கிற மருந்துகள். தழும்பு எந்தப் படியில் இருக்கிறது என்று தெரியாமல் அந்த மருந்தைப் பற்றிப் பேசவே முடியாது. சிரோசிஸ் என்று தெரிந்தால் அது வேறு பாதை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புற்றுநோய் வந்திருக்கிறதா என்று ஸ்கேன், உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்ற கவலை, இதெல்லாம் தொடங்கும். குடிப்பவராக இருந்தால் 'குறைத்துக்கொள்ளுங்கள்' என்ற பேச்சு 'அறவே நிறுத்துங்கள்' என்று மாறும்.

இது தவிர மருத்துவர்கள் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. எல்லாருக்கும் சொல்கிற 'எடையைக் குறைங்க'வும், உன் கல்லீரலில் தழும்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு கேட்கிற 'எடையைக் குறைங்க'வும் காதில் ஒரே மாதிரி விழுவதில்லை. அண்ணனிடம் இதைக் கண்ணால் பார்த்தேன்.

முதல் தடவை அவருக்கு 13.4 வந்தது. அறையைவிட்டு வெளியே வந்து தாளை நீட்டினார். எனக்குக் கை நடுங்கியது. மருத்துவர் எண்ணைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?" ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று யாருமே அவருக்குச் சொல்லவில்லை. சாப்பிட்டதும் குடலுக்குப் போகிற ரத்த ஓட்டம் கூடும், அது கல்லீரலுக்கு வந்து அதை உப்ப வைக்கும், கருவி அதை இறுக்கம் என்று படிக்கும். குறைந்தது மூன்று மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். மஞ்சள் காமாலை மாதிரி ஏதாவது தீவிரமாக இருக்கும்போதோ, இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கியிருக்கும்போதோ எடுத்தாலும் எண் பொய்யாக ஏறும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு வாரம் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அண்ணி அழுதபடியே இருந்தார். ஒரு வாய் வார்த்தையில் தவிர்த்திருக்கக்கூடிய அழுகை.

மறுவாரம் இரவு முழுக்கச் சாப்பிடாமல் காலையில் போனார். 11.6. குறைந்ததுதான், ஆனால் நிம்மதி தருகிற எண் இல்லை.

அடுத்து எம்ஆர்ஐ எலாஸ்டோகிராபி. அதே தத்துவம்தான். வயிற்றின் மேல் அதிர்கிற ஒரு தட்டை வைத்துக் கட்டி, எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் அனுப்பி, கல்லீரலில் பரவுகிற அலையைப் படமாகவே எடுக்கிறார்கள். ஃபைப்ரோஸ்கேன் ஒரு சிறு பகுதியைத்தான் பார்க்கும். இது கல்லீரலின் பெரும்பகுதியைப் பார்க்கும். இருக்கிறவற்றில் துல்லியமான கருவி இதுதான். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, செலவும் அதிகம். அதனால்தான் கடைசியில் வருகிறது.

ரிப்போர்ட்டைப் பிரித்த அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "4.1 தாம்மா! பதினொண்ணுலேர்ந்து நாலுக்கு வந்துடுச்சு!"

இரண்டிலும் கிலோபாஸ்கல் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் இரண்டு கருவிகளும் இறுக்கத்தை வெவ்வேறு முறையில் கணக்கிடுகின்றன. ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது. எம்ஆர்ஐ அளவில் 3.6-ஐத் தாண்டினாலே முற்றிய தழும்பு. ஐந்தைத் தாண்டினால் சிரோசிஸ் என்று சந்தேகிப்பார்கள். நான் முன்னாலேயே படித்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "டாக்டர் சொல்லட்டும்ணா" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தாளை மெதுவாக மடித்து உறைக்குள் வைத்தார்.

தழும்பை 0 முதல் 4 வரை படி வைத்து எண்ணுகிறார்கள். 4 என்றால் சிரோசிஸ். அண்ணன் 3-ல் இருக்கிறார் என்றார் மருத்துவர். கிரேடு ஒன்று என்று ஸ்கேனில் எழுதியிருந்த அதே கல்லீரல். தழும்பு ஏறும்போது சிலருக்குக் கொழுப்பு கரைந்துபோவதும் உண்டாம். அண்ணன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு பதறுகிறது.

ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டோம். பயாப்ஸியில் கிடைப்பது முழுக் கல்லீரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் துளி எந்த இடத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்துப் பதிலும் மாறலாம். சிறிதளவு என்றாலும் ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. 1883-ல் பால் எர்லிக் முதன்முதலில் கல்லீரலிலிருந்து ஊசியால் திசு எடுத்ததிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் தழும்பைத் தெரிந்துகொள்ள வேறு வழியே இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி, சி, தன்னெதிர்ப்பு நோய் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து எதுவும் இல்லை என்றான பிறகு, மூன்று முறைகளும் ஒரே திசையைக் காட்டுவதால் பயாப்ஸி தேவையில்லை என்று மருத்துவர் முடிவு செய்தார். ஒன்றுக்கொன்று முரணாக வந்திருந்தால், அல்லது வேறு நோயோ என்று சந்தேகம் இருந்திருந்தால், அதையும் செய்துதான் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணனுக்குச் சர்க்கரை மருந்தை மாற்றினார்கள், எடையையும் சேர்த்துக் குறைக்கிற மாதிரி. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை கிரேடு பார்க்க இல்லை, கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க. எடையில் பத்து சதவீதம் குறைய வேண்டும் என்றார்கள். அந்தப் பத்துக்கும் காரணம் இருக்கிறது. ஐந்து சதவீதம் குறைந்தால் கொழுப்பு இறங்கும், ஏழு குறைந்தால் அழற்சி அடங்கும், தழும்பு பின்வாங்கப் பத்து வேண்டும். கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து, முன்னும் பின்னும் திசு எடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத் தழும்பு குறைந்திருந்தது. ஆனால் அந்த 293 பேரில் பத்து சதவீதத்தைக் குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது சுலபமான வேலை இல்லை.

அண்ணன் 78 கிலோ இருந்தார். இப்போது 73. இன்னும் மூன்று கிலோ போக வேண்டும். பதினொரு வருடமாக எத்தனையோ பேர் சொல்லியும் நடக்காதவர், இப்போது விடிவதற்கு முன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார் என்று அண்ணி சொல்கிறார்.

இந்த நோய்க்குக் குடும்ப வழி உண்டு. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரு சிறு மாற்றம் இருப்பவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு அதிகம் என்று 2008-லேயே தெரிந்தது, தழும்பும் அதிகம் என்று அதன் பிறகு தெரிந்தது. அதனால் அண்ணன் இப்போது தன் மகனைப் பிடித்துக்கொண்டார். அவனுக்கு 29 வயது. வேலைக்குப் போன இந்த ஐந்து வருடத்தில் பதினாறு கிலோ ஏறியிருக்கிறான். போன வாரம் அண்ணன் போன் பண்ணினார். "அவனோட ரிப்போர்ட்டை வச்சு நானே கணக்குப் போட்டுட்டேன்மா. 0.41 வருது. ஒண்ணுமில்ல, இல்ல?"

"முப்பத்தஞ்சு வயசுக்குக் கீழ அந்தக் கணக்கு செல்லாதுண்ணா. வயசைத்தான் முதல்ல பெருக்குறோம், பாரு. சின்ன வயசுன்னா எண்ணும் சின்னதாத்தான் வரும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. "சரி, டாக்டர்கிட்டக் கேட்டு அந்தத் தட்டுற ஸ்கேனே எடுத்துடலாம். எத்தனை மணிக்குப் போகணும், என்ன செய்யணும், சொல்லு, எழுதிக்கிறேன்."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போகிறான். முந்தின இரவுக்கு அப்புறம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.